ட்ரெய்லரைக் குளிருக்கு மூடும் முன்

ஒன்ராறியோவில் அக்டோபர் வந்தாச்சு. தங்கிப் பயணிக்கும் கேம்பிங் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள், இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் முன் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பெக்ஸ் எனும் வளையும் பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் தாங்கும். பம்ப்பின் தலையும் டாய்லெட் வால்வும் தாங்காது.

முதல் வேலை வாட்டர் ஹீட்டர். கேஸ், கரண்ட் இரண்டையும் நிறுத்தி, ஆறவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். அப்புறம்தான் அடி மூடியைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் வெந்நீர் முகத்தில் பீச்சும். சில மாடல்களில் மூடியோடு, தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் ஆனோடு கம்பியும் வரும். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹீட்டருக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்தால், பிறகு விடப்போகும் ஆன்டிஃப்ரீஸை (உறைவதைத் தடுக்கும் திரவம்) எல்லாம் 23 லிட்டர் ஹீட்டர் குடித்துவிடும்.

தொட்டிகளையும் அடிக்குழாய்களையும் வடித்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். பம்ப்பின் உறிஞ்சு குழாயை ட்ரெய்லர்களுக்கென விற்கும் இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்டிஃப்ரீஸ் கேனில் விட்டு பம்ப்பைப் போடுங்கள். ஒவ்வொரு குழாயையும் (டேப்) திறந்து, சூடு பக்கமும் குளிர் பக்கமும், நல்ல இளஞ்சிவப்பு வரும்வரை விடுங்கள். வெளிறி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, போதாது. 8 முதல் 12 லிட்டர் பிடிக்கும். சிங்க், ஷவர் ட்ராப்புகளில் (கீழே தண்ணீர் தேங்கும் வளைவுகள்) ஒவ்வொன்றிலும் ஒரு கப் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுங்கள். வெளி ஷவரை எல்லோரும் மறப்பார்கள்!

கார் ஆன்டிஃப்ரீஸ் வேண்டவே வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் விஷம். ஆன்டிஃப்ரீஸுக்குப் பதில் காற்றடித்துக் குழாய்களை ஊதுபவர்கள் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

ஹீட்டரின் கரண்ட் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டுங்கள். காலித் தொட்டியில் யாராவது போட்டால் சூடாக்கும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்து போச்சு.