ஒளி படாத ஓரம்: நூலக நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

நூலகத்தின் ஸ்லைடு பெட்டிகளில் (புரொஜெக்டரில் போட்டுக் காட்டும் சிறு ஃபிலிம் படங்கள்) சிவப்புச் சீட்டு ஒட்டியாயிற்று. கழிக்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. முடிவு மாதக் கடைசியில்.

நவம்பர் 4

ஒரு பெட்டியை ஒளிப்பெட்டியின் மேல் பரப்பினால் கண்ணில் முதலில் படுவது ஓவியங்கள் அல்ல, சிவப்பு. கலர் ஸ்லைடில் மூன்று சாயப் படலங்கள்: மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்). பழைய ஃபிலிம்கள் பலவற்றில் சயான்தான் முதலில் போகும். அதற்கு வெளிச்சம்கூட வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அறையின் வெப்பமும் ஈரமுமே போதும். கோடாக் நிறுவனத்தின் கோடாக்ரோம் ஃபிலிம் நேர்மாறு: இருட்டில் நிறம் நிற்கும், புரொஜெக்டரில் அடிக்கடி போட்டால் வெளிறும். அதனால்தான் ஒரே பெட்டியில், ஒரே ஓவியத்தின் இரண்டு ஸ்லைடுகளில் ஒன்று சிவந்தும் மற்றது நீலம் மாறாமலும் கிடக்கின்றன. எது அசலுக்கு நெருக்கம் என்று முடிவுகட்டும் முன் ஸ்லைடைச் சுற்றியுள்ள சட்டத்தில் அச்சிட்டிருக்கும் ஃபிலிமின் பெயரைப் படிக்க வேண்டும்.

ஸ்கேன் செய்தால் 16 பிட்டில், அதாவது நிறத்தின் படிநிலைகள் மிக நெருக்கமாக இருக்கும்படி, செய்ய வேண்டும். சயான் போன ஸ்லைடில் சிவப்பு சேனலின் ஹிஸ்டோகிராம் (ஒளியளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒரு பக்கமாக ஒதுங்கி ஒடுங்கியிருக்கும். இரண்டு முனைகளையும் இழுத்து விரித்தால் நிறம் ஓரளவு திரும்பும். 8 பிட்டில் அதையே செய்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளக்கும். எதில் செய்தாலும் நிழற்பகுதியில் குருணை தெறிக்கும், ஏனென்றால் அங்கே மீட்பதற்குச் சாயம் மிச்சமில்லை.

நவம்பர் 6

திருத்தவே வேண்டாம் என்றுதான் இன்று தோன்றுகிறது.

சயான் இல்லாத உலகம் ஒரு முழுமையான நிறத்திட்டம். இலை பழுப்பாகும், தோல் பளபளக்கும், நிழல் கருஞ்சிவப்பாகும். ஸ்கிரீன் பிரிண்டுக்கு (இழைத்திரை வழியே மை தள்ளும் அச்சு) இதைவிட நல்ல கட்டுப்பாடு கிடைக்காது. படத்தை நான்கு நிறமாகப் பிரித்து, சயான் தகட்டை எடுத்துவிட்டு, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மூன்றை மட்டும் அடிக்கலாம். ஒவ்வொரு நிறத்தின் அச்சுப்புள்ளி வரிசையும் சாய்ந்திருக்கும் புள்ளிக்கோணம் கறுப்புக்கு 45, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0. கறுப்புக்கும் மெஜந்தாவுக்கும் இடையில் 30 பாகை இல்லாவிட்டால் புள்ளி வரிசைகள் ஒன்றோடொன்று மோதி மொய்ரே என்ற அலைக்கோலம் எழும். மஞ்சள் மட்டும் 15 பாகைக்குள் நெருங்கினாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அது வெளிர்நிறம். அங்குலத்துக்கு 40 புள்ளி வரிசை என்றால் திரையின் இழை எண்ணிக்கை அதைப்போல் 4 முதல் 5 மடங்கு. குறைந்தால் சிறு புள்ளிகள் இழைக்கண்ணில் நிற்காமல் உதிரும்.

ஸ்லைடைப் பார்த்து ஓவியத்தை நகலெடுப்பது ஒன்று. ஸ்லைடுக்கு என்ன நடந்தது என்பதிலிருந்து ஒரு விதியை எடுப்பது வேறு. இரண்டாவதுக்காகத்தான் நூலகத்துக்கு வர வேண்டும்.

நவம்பர் 7

பட்டியலைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

சாயச் சாம்பிள் ஏடுகள். வேதியியலாளர் பெர்கின் 1856இல் மாவ் என்ற ஊதாச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததற்கு முன்னும் பின்னும் என்று இவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதுவரை செடி, பூச்சி, கனிமம். அதன்பின் வேதிச்சாலையின் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக.

துணித்துண்டுகள் பெரும்பாலும் மேல் விளிம்பில் மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். கீழ்விளிம்பு தானாக எழும்பி நின்றால் அடிப்பக்கத்தைப் பார்க்கலாம். எழும்பாவிட்டால் நெம்பக் கூடாது, பசை காய்ந்த இழை முறியும். ஒளி படாத அந்த அடிப்பக்கம்தான் சாயக்காரர் கண்ட நிறத்துக்கு மிக நெருக்கமானது. மேல்பக்கம் காலம் போட்ட நிறம். இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும், தனித்தனியாக.

குறிக்கும் முறை: நடுச்சாம்பல் அட்டையில் 1 செ.மீ. அளவில் இரண்டு ஓட்டைகள், அருகருகே. ஒன்று துணியின் மேல், மற்றது நிறச்சீட்டின் மேல். பக்கத்து நிறத்தை மறைக்காமல் ஒப்பிட்டால் கண் ஏமாறும். சிவப்புக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலும் பச்சை தட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கடியில் ஒருமுறை. ஒன்றில் பொருந்தி மற்றதில் விலகினால் அந்தச் சீட்டு பயன்படாது. வாசிப்பு அறைக்குள் வண்ணம் கலக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. நிறச்சீட்டின் எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வெளியே போய்க் கலக்க வேண்டியதுதான். கோவாஷ் (ஒளிபுகாத நீர்வண்ணம்) என்றால் பட்டை தீட்டி முழுவதும் காயவிட்டுப் பார்க்க வேண்டும்: வெளிர்நிறம் காய்ந்தால் சற்று அடர்த்தியாகும், அடர்நிறம் வெளிறும்.

போனில் படம் எடுத்தால் ஃப்ளாஷ் கூடாது. வெள்ளைச் சமநிலையைப் பூட்ட வேண்டும், சாம்பல் அட்டை ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தடுத்த பக்கங்கள்கூட ஒன்றோடொன்று பொருந்தாது.

நவம்பர் 12

1921இல் சேகரிப்பாளர்களான ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், ஒரே நிபந்தனையோடு: எந்நாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது. கொடுமையான நிபந்தனை போலத்தான் தெரியும். ஆனால் ஆவோபனா என்ற பூவின் நீலம் ஒளியில் பழுப்பாகிப் போகிற சாயம். சுவரில் தொங்கிய அச்சுகளில் ‘மண்நிறம்’ என்று நாம் ரசிப்பதில் ஒரு பகுதி, ஒருகாலத்தில் நீலம். சுவரைப் பார்க்காத தாள்கள்தான் அதற்குச் சாட்சி.

இங்கே இருக்கும் மறுபதிப்பு நூல்களை அடுக்கி ஒரே அச்சின் படத்தை ஒப்பிட்டால், எந்த நூல் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்து வானம் மாறுகிறது. நீலம் உள்ளது, இல்லாதது இரண்டையும் வைத்து ஒரே வரைவை இருமுறை தீட்ட வேண்டும். வானம் தாளோடு கலந்துவிட்டால் பார்வை முழுவதும் கோட்டுக்குத் தாவுகிறது.

நவம்பர் 13

பளிச்சென்ற பச்சைத்துணி பைண்டிங், 19ஆம் நூற்றாண்டு. தொடும் முன் நிறுத்த வேண்டும்! 1814இல் ஷ்வைன்ஃபுர்ட்டில் தயாரான எமரால்டு பச்சையில் செம்பும் ஆர்சனிக் என்ற நஞ்சும் உண்டு; புத்தகத்துணிக்கும் அதைப் பூசினார்கள். அமெரிக்காவின் விண்டர்தூர் அருங்காட்சியக ஆய்வுக்குழு 2019 முதல் இத்தகைய பைண்டிங்குகளைத் தேடி அடையாளம் காண்கிறது. நிறத்தைக் கண்ணால் மட்டும் உறுதிசெய்ய முடியாது, கருவி வேண்டும். அதுவரை நைட்ரைல் கையுறை, மூடிய பை, கழுவிய கை. ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கவே கூடாது, துகள் அடுத்த புத்தகத்துக்கு ஏறும்.

சாதாரணத் தாளுக்கு நேர்மாறாகச் சுத்தமான, உலர்ந்த வெறுங்கைதான் நல்லது. பருத்திக் கையுறையில் விரலின் உணர்வு மங்கி ஓரம் கிழியும்.

நவம்பர் 15

நூற்பட்டியலைக் கணினியில் தேடாமல் அலமாரியோடு நடப்பது. நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டியூவி முறையில் துணிக்கலை 746, உடை 391, சாயத் தொழில்நுட்பம் 667, ஊதாச் சாயம் தரும் கடல் நத்தையும் சிப்பியும் 594. ஒரே நிறத்தைத் தேடுகிறவர் நான்கு வெவ்வேறு வரிசைகளில் நிற்க வேண்டியிருக்கிறது. கலை வரலாற்றாளர் ஆபி வார்பர்க் தம் நூலகத்தை அடுக்கியது இதற்கு எதிராகத்தான்: தேடிவந்த நூலைவிடப் பக்கத்தில் நிற்கும் அறியாத நூல் உதவ வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கே அந்த அடுக்கு இல்லை. வண்டியொன்றை வாங்கிக்கொண்டு நான்கு வரிசையிலிருந்தும் எடுத்து, ஒரே மேசையில் நாமே அண்டைவீட்டாராக்க வேண்டும்.

பைண்டு செய்த பழைய இதழ்கள்: கட்டும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் பெரும்பாலும் உருவிவிடுவார்கள். வடிவமைப்பு மாணவருக்கு வேண்டியதே அவைதான். கட்டாத தனி இதழ் கிடங்கில் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும்.

நவம்பர் 18

பத்திரிகைகளிலிருந்து வெட்டிய படங்களின் கோப்பு, ‘பறவை: இறகு’ உறை. செய்தித்தாள் துண்டிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அமிலமாகிப் பக்கத்துத் தாளில் இறங்கியிருக்கிறது. துண்டை எடுத்தால் அதன் அளவிலேயே ஒரு பழுப்புச் செவ்வகம். ரப்பர் பசை இருந்த இடங்கள் இன்னும் இருண்ட திட்டுகள். படம் ஒன்று, படம் போட்ட கறை இன்னொன்று. இறகை விட்டுவிட்டு இந்தச் செவ்வகங்களை மட்டும் டிரேசிங் தாளில் எடுக்க வேண்டும். பத்திரிகைப் பக்கங்களின் அமைப்பு அப்படியே கிடைக்கிறது, எழுத்தே இல்லாமல்.

நவம்பர் 20

மறுபடியும் ஸ்லைடுகள். கழித்தால் படம் மட்டும் போகாது. சட்டத்தின் மேல் பேனாவால் எழுதிய பெயர், ஆண்டு, எந்தச் சுவரில் எந்தக் கோணத்தில் எடுத்தது என்ற குறிப்பு, இடதுகீழ் மூலையில் ஒட்டிய வட்டப்பொட்டு. படத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் பொட்டு இடதுகீழே. தலைகீழாகத் திருப்பிப் புரொஜெக்டரில் செருகும்போது அது வலதுமேலே, கட்டைவிரலுக்கடியில் வரும். எத்தனை ஆசிரியர்கள் இருட்டில் விரலால் தடவிப் பார்த்துச் செருகிய பொட்டு அது! ஸ்கேன் செய்து தருகிறோம் என்பவர்கள் சட்டத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் தருவார்கள். சட்டத்தின் இருபக்கமும் சேர்த்து எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 21

எழுதிக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 24, திங்கள்

சயனோடைப் பெட்டி: ஒளியில் பதியும் நீல அச்சுகள். விஞ்ஞானி ஹெர்ஷல் 1842இல் கண்ட முறை; மறு ஆண்டே தாவரவியலாளர் ஆனா அட்கின்ஸ் கடற்பாசிகளை இதில் பதியத் தொடங்கினார். நிறம் பிரஷ்யன் நீலம். ஒளியில் வெளிறும், ஆனால் இருட்டில் வைத்தால் பெருமளவு திரும்பி வரும். ஸ்லைடின் சயானுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

இதற்கு எதிரி காரம். ‘அமிலமற்றது’ என்று விற்கும் காப்புறைகளில் பலவற்றுக்குக் கால்சியம் கார்பனேட் ஏற்றியிருப்பார்கள். அந்தக் காரம் நீலத்தை மஞ்சளாக்கும். கார்பனேட் ஏற்றாத தாள்தான் வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் உறைகள் எந்த வகை என்று எங்கும் குறிக்கவில்லை. நாளை காலை, அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பிஎச் பேனாவோடு வர வேண்டும். அதன் கோட்டை உறையின் வெளி ஓரத்தில் மட்டும் போட வேண்டும்.