காந்தச் சுருளில் தேங்கிய வெப்பம்: ஓர் அடைப்பை நீக்கிய அனுபவம்

எலெக்ட்ரான் கற்றையை வட்டப்பாதையில் சுழலவைக்கும் சேமிப்பு வளையம் ஒன்றின் குளிரூட்டலைக் கவனிக்கும் குழுவில் நான் பணியாற்றியபோது, கற்றையைக் குவிக்கும் ஒரு நான்முனைக் காந்தத்தின் வெப்ப சுவிட்ச் மீண்டும் மீண்டும் மின்வழங்கியை நிறுத்தத் தொடங்கியது. அந்த வகைக் காந்தங்கள் அனைத்தும் தொடராக இணைக்கப்பட்டிருந்ததால், ஒன்று சூடேறினாலே மொத்த வரிசையும் அணைந்து கற்றை முழுவதும் இழக்கப்பட்டுவிடும்.

ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் பெரிய வளையத்தில் உள்ள, மின்தடையே இல்லாத மீக்கடத்தி இருமுனைக் காந்தங்கள் 1.9 கெல்வின் வெப்பநிலையில் ஹீலியத்தால் குளிர்விக்கப்படுகின்றன. எங்களுடையவை சாதாரணச் செம்புச் சுருள்கள். நடுவில் துளையுள்ள கம்பியின் வழியே மின்னோட்டம் செல்ல, அந்தத் துளைக்குள்ளேயே, மின்சாரத்தை எளிதில் கடத்தாத, அயனி நீக்கிய நீர் ஓடும். ஒரு சுருள் 1 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஓடும் நீர் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ் சூடாகும். ஓட்டம் பாதியானால் இந்த ஏற்றம் இரட்டிப்பாகும். செம்பின் மின்தடையும் டிகிரிக்கு 0.4 விழுக்காடு அளவில் கூடுவதால், மின்னோட்டம் மாறாதிருந்தாலும் வெப்பம் இன்னும் சற்று அதிகரிக்கும். மின்னோட்டத்தைக் குறைத்துச் சமாளிக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். காந்தப்புலம் குறைந்தால் கற்றையின் குவிப்பே மாறிவிடும் என்பதால் அந்தப் பேச்சு அத்துடன் நின்றது. சுவிட்சின் வரம்பை உயர்த்துவதும், என் கருத்தில், சுருளின் எபாக்சி மின்காப்பை வாட்டி எடுக்கும் வேலைதான்.

குழப்பம் என்னவென்றால், முதன்மைக் குழாயின் ஓட்டமானி எந்தக் குறையையும் காட்டவில்லை. நீர்ப்பாதைகள் இணையாக இருப்பதால், ஒன்று அடைபட்டால் அதன் பங்கு பெரும்பாலும் மற்றவற்றில் பாய்ந்துவிடும். மொத்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுருளின் வெளியேறு குழாயிலும் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரியை ஒட்டி வெப்பநிலையைத் தனித்தனியாகப் பதிந்தோம். வளையம் நிறுத்தப்பட்ட பிறகு அதே குழாய்களைக் கழற்றி, வாளியில் நீரைப் பிடித்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தோம். நவீனக் கருவிகள் நிறைந்த சுரங்கத்தில் அந்த வாளிக்குத்தான் அன்று மதிப்பு அதிகம். மூன்று சுருள்களில் நீர் சீராகக் கொட்டியது; நான்காவதில் மெலிந்த இழையாக வந்தது. அதன் இணைப்பு முனையை வெள்ளைத் துணியால் துடைத்தபோது, விரல்களில் மைபோல ஒட்டும் கருந்தூள் வந்தது. அது செம்பு ஆக்சைடு.

பொதுச் சுற்றிலிருந்து அந்தச் சுருளைப் பிரித்து, முதலில் எதிர்த்திசையில் நைட்ரஜனும் நீரும் செலுத்தினோம். தளர்ந்திருந்த தூள் வெளியேறியதே தவிர, ஓட்டம் முழுமையாக மீளவில்லை. பின்னர் நீர்த்த சிட்ரிக் அமிலத்தைச் சிறிய பம்பு மூலம் சுழற்றினோம். கரைசல் மெல்ல நீலப்பச்சையாக மாறியது. அமிலத்தின் சுவடு பொதுச் சுற்றுக்குள் நுழைந்தால் நீரிலிருந்து அயனிகளை நீக்கும் பிசின் வீணாகிவிடும் என்பதால், கழுவிய நீரின் மின்கடத்துதிறன் பழைய அளவுக்கு இறங்கும்வரை சுருளை மீண்டும் இணைக்கவில்லை.

ஆனால் தூள் உருவான காரணம் சுருளில் இல்லை. நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தாலும், காற்றோடு நிறைசெறிவுற்று இருந்தாலும் செம்பு அரிப்பு மட்டாகவே இருக்கும். இடைப்பட்ட அளவில்தான் ஆக்சைடு அதிகமாக உதிர்ந்து குறுகிய இடங்களில் படிகிறது. எங்கள் பம்பின் தேய்ந்த சீல் வழியாகக் காற்று கசிந்து, சுற்றை அந்த நடு அளவில் நிறுத்தியிருந்தது. சீலை மாற்றி, சேமிப்புத் தொட்டியின் மேல்வெளியைக் காற்று புகாதபடி நைட்ரஜனால் நிரப்பினோம். தெர்மோகப்பிள்களை அகற்றாமல் விட்டு, ஒரு சுருளின் வெளியேறு நீர் பக்கத்துச் சுருளைவிட 5 டிகிரி மிகுந்தாலே எச்சரிக்கை வரும்படி அமைத்தோம். சுவிட்ச் செயல்படும் நிலை வருவதற்கு வெகு முன்பே, திட்டமிட்ட நிறுத்தத்தில் அந்தச் சுருளைக் கழுவிவிட முடிகிறது.