அந்தச் சொல்லுக்குத் தமிழில்

"'மாமா'ன்னு போட்டா ஜனங்க சிரிப்பாங்க மேடம். 'தலைவர்'னு மாத்திடவா?"

க்யூசி, அதாவது கடைசிச் சரிபார்ப்பு, பார்க்கும் தம்பி போனில் கேட்டபோது மணி நாலே முக்கால். ஆறு மணிக்கு சப்டைட்டில் ஃபைல் போயாக வேண்டும். "சரி, மாத்திடுங்க" என்றேன். நடந்தது இவ்வளவுதான். நாலு மாதமாகியும் அந்த "சரி" உறுத்துகிறது.

சிலி நாட்டில் பர்ரால் ஊருக்குப் பக்கத்தில் இருந்த கொலோனியா டிக்னிடாட் என்ற ஜெர்மானியர் குடியிருப்பு பற்றிய ஆவணப்படம் அது. எம்மா வாட்சன் நடித்து 2015-இல் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். சிறுவர்களைச் சீரழித்த புகாரில் ஜெர்மனியிலிருந்து தப்பிய பால் ஷேஃபர், 1961-இல் தன்னை நம்பியவர்களோடு அங்கே போய் வேலி போட்டுக்கொண்டான். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். 1973-இல் ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு ரகசியப் போலீஸ் தன் கைதிகளை அங்கே கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தது.

பெற்றவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகள் ஷேஃபரை உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஸ்பானிய மொழியில் அவனுக்குப் பெயரே 'தீயோ பெர்மனென்தே', நிரந்தர மாமா.

படத்தில் தலை நரைத்த ஒருவர் பேசுகிறார். மேஜைவிரிப்பின் ஓரத்தை மடிக்கிறார், நீவி விடுகிறார், மறுபடி மடிக்கிறார். மாமாவைக் குறிக்கும் ஜெர்மன் சொல் 'ஓங்கெல்' வரும் இடத்திலெல்லாம் குரல் தணிகிறது. அதில் கோபமில்லை. கூப்பிட்டால் எழுந்து போகிற பையனின் குரல். அதற்குக் கீழே 'தலைவர்' என்று எழுத்து ஓடுகிறது. தலைவரிடம் பயப்படலாம், அவரை எதிர்க்கவும் செய்யலாம். ராத்திரி படுக்கைக்குக் கூப்பிடுகிறவனை அந்தச் சொல் எப்படிக் காட்டும்?

தம்பி சொன்னதும் தப்பில்லை. நம் சினிமாவில் 'மாமா' என்ன ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் முகத்துக்குக் கீழே அதைப் போட்டு ஒருவர் சிரித்தாலும் அது எனக்குப் பாவம். 'பெரியப்பா' என்றால் ரத்த உறவு என்று நினைத்துக்கொள்வார்கள்.

'அங்கிள்' என்று போட்டிருக்கலாம். பொருத்தமான சொல் அதுதான், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே மனசில் வந்தது, சொல்லவில்லை. நேரமில்லை என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு சொல்லை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? என் மகள் கீழ் வீட்டுக்காரரையும் வேன் ஓட்டுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அந்தச் சொல்லை அந்த இடத்தில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இல்லை, இதுவும் பிறகு நானாகக் கட்டிக்கொண்ட காரணமோ என்னவோ.

1966-இலேயே ஓர் இளைஞர் தப்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். ஷேஃபர் பிடிபட்டது 2005-இல். தங்கள் தூதரக அதிகாரிகள் பார்த்தும் பாராமல் இருந்ததை ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஷ்டைன்மையர் 2016-இல் ஒப்புக்கொண்டார். அதோடு என் ஒரு சொல்லைச் சேர்த்துப் பேசுவது அதிகப்படிதான். ஆனால் மனசு அங்கேதான் போகிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண், "அக்கா, சப்டைட்டில்ல முக்கியமா எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள். "படிக்கிறவங்க கண்ணு எங்கயும் தடுக்கக் கூடாதும்மா" என்றேன். பதினெட்டு வருஷமாகச் சொல்லும் பதில்தான். அவள் எழுந்து போனதும் பழைய ஃபைலைத் திறந்து தேடினேன். 'தலைவர்' 37 இடத்தில் இருந்தது.