த்ராட்டில் ஏறினதும் லிமிட்டைக் கூட்டச் சொல்லி ஓடாதீங்க

புதுச்சேரி, கடலூர்ல உக்காந்து அமேசான் க்ளவுடோட மும்பை ரீஜன்ல லாம்ப்டா (சர்வர் வைக்காம கோடு ஓட்டுற சேவை) ஓட்டுற தம்பி தங்கைகளுக்கு.

எஸ்3-ல (ஃபைல் சேமிக்கிற இடம்) மொத்தமா ஃபைல் வந்து விழுந்து, லாம்ப்டாவுல 429 (அழைப்பு அதிகம்னு தடுக்கிற த்ராட்டில் எரர்) வருதா? முதல்ல கணக்குப் போடுங்க. நொடிக்கு 200 அழைப்பு, தலா 8 நொடின்னா ஒரே சமயத்துல 1,600 ஓடணும். வழக்கமான லிமிட் 1,000. அதுவும் அந்த ரீஜன்ல இருக்கிற எல்லா ஃபங்ஷனுக்கும் சேர்த்து. புது அக்கவுண்ட்டுக்கு இன்னும் குறைவா இருக்கலாம். முள்ளோடை செக்போஸ்ட்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டி தேங்குற கதைதான்.

எஸ்3-க்கும் லாம்ப்டாவுக்கும் நடுவுல எஸ்க்யூஎஸ் (மெசேஜை வரிசையில நிறுத்தி வைக்கிற க்யூ) வைங்க. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ரிசர்வ்டு கன்கரன்சி (ஒரு ஃபங்ஷன் ஒரே சமயத்துல எத்தனை ஓடலாம்ங்கிற ஒதுக்கீடு) 20-ன்னு மட்டும் வச்சா, க்யூவைப் படிக்கிற போலர் அதைக் கண்டுக்காம மெசேஜை எடுத்துட்டே இருக்கும். இடம் கிடைக்காத மெசேஜ் க்யூவுக்கே திரும்பும், எத்தனை தடவை எடுத்தாச்சுங்கிற ரிசீவ் கவுண்ட் மட்டும் ஏறும். மேக்ஸ் ரிசீவ் கவுண்ட் 3-ன்னு இருந்தா, உங்க கோடு ஒரு தடவைகூட தொடாத மெசேஜ் தோத்துப்போன மெசேஜை ஒதுக்குற டெட் லெட்டர் க்யூவுல போய்க் கிடக்கும். லாக்ல ஒரு எரரும் இருக்காது. தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான்.

க்யூவையும் லாம்ப்டாவையும் இணைக்கிற ஈவன்ட் சோர்ஸ் மேப்பிங்ல மேக்சிமம் கன்கரன்சின்னு ஒண்ணு இருக்கு, அதை வைங்க. குறைஞ்சது 2. ரிசர்வ்டு அதுக்குக் கீழ போகக் கூடாது. விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த மெசேஜை க்யூ மறைச்சு வைக்கிற நேரம்), ஃபங்ஷன் டைம்அவுட்டைப் போல 6 மடங்கு. மேக்ஸ் ரிசீவ் கவுண்ட் 5-க்குக் குறையாம.

மேக்சிமம் கன்கரன்சி எவ்வளவு வைக்கலாம்னு சொல்றது லாம்ப்டா இல்ல, பின்னால நிக்கிற டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸ்ல 100 கனெக்‌ஷன்தான்னா, ஒவ்வொரு ஓட்டமும் ஒண்ணு பிடிக்கும்னு வச்சு, 60-க்கு மேல விடாதீங்க. மீதி மத்த ஆப்புக்கும், ராத்திரி 2 மணிக்கு உள்ள நுழைஞ்சு பார்க்க உங்களுக்கும் வேணும்.