இரவு இரண்டு மணிக்கும் நிற்கிற பட்டி

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், கொலராடோ மாநிலங்களில் சொந்தக் குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், மலையடிவாரத்தில் நாலைந்து நாள் தங்கிச் சவாரி செய்கிறவர்கள் ஏராளம். இவர்களை மலைக்குக் கூட்டிப் போவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. இந்தத் தொழிலில் சவாரி சுலபமான பகுதி. பகலெல்லாம் கயிறு மனிதன் கையில் இருக்கிறது. இருட்டிய பிறகு அந்தக் கயிற்றின் வேலையை ஒரு வேலி பார்க்க வேண்டும். அதுவும் அன்று மாலைதான் கட்டிய வேலி.

நம் ஊர்க் கீதாரிகள் வயலில் கிடை போடும்போது தட்டியையும் வலையையும் நாளுக்கொரு இடமாக நகர்த்துவதை நினைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். மீதிப் பாதி இது: ஆடு மிரண்டால் கூட்டமாக ஒடுங்கும், குதிரை மிரண்டால் ஓடும். 450, 500 கிலோ எடையுள்ள குதிரை உண்மையிலேயே ஓட முடிவு செய்தால், ஒரு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய எந்த வேலியும் அதை நிறுத்தாது. ஆகவே கடையில் 'எது பலமானது' என்று விசாரிப்பதில் பெரிய பயன் இல்லை. எது எப்படி உடையும், உடையும்போது குதிரைக்கு என்ன ஆகும், வெளியே வந்த குதிரை எங்கே போய்ச் சேரும் என்று விசாரிக்க வேண்டும். நெடுஞ்சாலைக்குப் பக்கத்து முகாமில் குதிரை தப்பினால் லாரியில் அடிபடும். அங்கே இரும்புத் தட்டிதான் சரி. சாலையிலிருந்து பத்து மைல் உள்ளே, தப்பினாலும் வந்த தடத்திலேயே திரும்பப் போகும் என்றால், உடைந்து வழிவிடும் நாடா வேலி, அதாவது எஃகு இழை ஓடும் நாடாவில் மின்சாரம் விட்ட வேலி, குதிரையின் காலைக் காப்பாற்றும்.

முதலில் தட்டிகள். பொதுவாகக் கிடைப்பவை 10 அல்லது 12 அடி நீளம், 5 அடி உயரம். பத்தடி இரும்புத் தட்டி இலகு ரகத்திலேயே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். பண்ணையில் பயன்படும் கனத்த ரகம் 40 கிலோவையும் தாண்டும். ஒரே ஆள் கழற்றி மாட்ட வேண்டுமென்றால் கனத்த ரகத்தை மறந்துவிடலாம். அலுமினியம் ஏறக்குறைய பாதி எடைதான், விலை கூடுதல். பிவிசி குழாய்த் தட்டிகள் இன்னும் இலகுவானவை. ஆனால் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பிவிசி, மலையின் அதிகாலைக் குளிரில் ஓர் உதைக்கே சில்லுச் சில்லாக உடையும். உடைந்த முனை கத்தி மாதிரி இருக்கும். சாதுவான, வயதான குதிரைக்கு மட்டுமே அதைப் பரிந்துரைக்கலாம்.

எத்தனை தட்டி வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பத்தடித் தட்டி நான்கைச் சதுரமாக நிறுத்தினால் கிடைப்பது 100 சதுர அடி. லாயத்தில் ஒரு குதிரைக்கு விடும் 12க்கு 12 அடி அறையே 144 சதுர அடி. நான்கு தட்டிப் பட்டி அதைவிடச் சிறியது. அதற்குள் குதிரை படுத்துப் புரண்டால் கால்கள் கீழ்க் கம்பிக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், எழ இடம் இருக்காது. ஆறு தட்டிகளை அறுகோணமாக நிறுத்தினால் 260 சதுர அடி. இரண்டே தட்டி கூடுகிறது, இடம் இரண்டரை மடங்காகிறது. எட்டு தட்டி என்றால் 480ஐத் தாண்டும். ஒரு குதிரைக்கு ஆறு என்பதற்குக் கீழே போகாதீர்கள். நன்கு பழகிய இரண்டு குதிரைகளை எட்டுக்குள் விடலாம். நேற்று அறிமுகமான இரண்டை எதற்குள்ளும் சேர்த்து விடக் கூடாது. ஓட இடமில்லாத குதிரை உதைபட்டுக்கொண்டே நிற்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு, விற்பவர் அதைக் காட்ட மாட்டார். பல தட்டிகளின் மேல் மூலைகளை வளைத்துச் செய்திருப்பார்கள். அப்படி இரண்டை அடுத்தடுத்து நிறுத்தினால், மேலே புனல் வாய் போல ஓர் இடுக்கு உண்டாகும், கீழே போகப் போகக் குறுகும். முன்னங்காலைத் தூக்கிய குதிரையின் கால் அதில் இறங்கினால், அதன் எடையே காலை இடுக்குக்குள் இன்னும் அழுத்தும். மூலை சதுரமாக உள்ளதை வாங்குங்கள்; இல்லாவிட்டால் இணைப்பைச் சந்தில்லாமல் இறுகப் பூட்டுங்கள். சங்கிலிப் பூட்டைவிட, துளைகளில் இரும்பு ஊசியைச் செருகும் ஊசிப் பூட்டு நல்லது. சங்கிலி எப்போதும் நாலு விரற்கடைச் சந்து விடும். ஊசிகளைத் தட்டியிலேயே ஒரு சின்னக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். புல்லுக்குள் விழுந்த ஊசியை இருட்டில் தேடுவது வீண் வேலை. கூடுதலாக இரண்டு ஊசி கருவிப்பெட்டியில் இருக்கட்டும்.

தட்டிகளை டிரெய்லரின் பக்கவாட்டில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு போவது வழக்கம். எட்டு இரும்புத் தட்டி என்றால் குறைந்தது 160 கிலோ. டிரெய்லருக்கு அனுமதித்த மொத்த எடையில் இதையும் கழிக்க வேண்டும். ஒரே பக்கம் தொங்கவிடாமல் இரண்டு பக்கமும் பிரித்து மாட்டுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் பொதுவாக எட்டரை அடியைத் தாண்டக் கூடாது என்பதால் மாட்டிய பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள். கொக்கித் திருகுகள் முதல் நூறு மைலில் அதிர்ந்து தளர்வது நிச்சயம். பெட்ரோல் போட நிற்கும் முதல் இடத்தில் கையை வைத்து ஆட்டிப் பார்த்துவிட வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் குதிரைகளை டிரெய்லரில் கட்டி, கொஞ்சம் உலர்புல் போட்டுவிட்டு, இடத்தை நடந்து பாருங்கள். முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ராக்கி மலைக் காடுகளில் பட்டை வண்டு அரித்துக் கொன்ற பைன் மரங்கள் நின்றபடியே காய்ந்திருக்கின்றன; காற்றே இல்லாத இரவிலும் அவை விழும். பிறகு தரை: சற்றே மேடு, மழைத் தண்ணீர் வடிகிற சரிவு, பழைய முள்கம்பி, கண்ணாடிச் சில்லு ஏதும் கிடக்கிறதா என்ற தேடல். ஓடை, ஏரி, நடைபாதை ஆகியவற்றிலிருந்து 200 அடி தள்ளி நிற்பது மலைமுகாம்களில் பரவலான விதி.

தட்டிகளைத் தரையில் வட்டமாகப் பரப்பி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பூட்டுங்கள். வாசல் கூடாரத்தைப் பார்த்திருக்கட்டும். பூட்டி முடித்ததும் ஒரு பக்கத்தைத் தோளால் தள்ளிப் பாருங்கள். மொத்தப் பட்டியும் நகரும்! நீங்கள் தள்ளினாலே நகர்வதை, குதிரை கீழ்க் கம்பிக்கு அடியில் கழுத்தை விட்டு வெளியே உள்ள புல்லை எட்டும்போது அப்படியே தூக்கிக்கொண்டு நடக்கும். விடிகாலையில் பட்டி இருபதடி தள்ளி, குதிரையை உள்ளே வைத்துக்கொண்டே நிற்கிற காட்சி அபூர்வம் அல்ல. இரண்டடி இரும்பு முளைகளை வெளிப்பக்கமாக அடித்து, ஒன்றுவிட்ட ஒரு மூலையை வாரால் இறுக்குங்கள். முளையின் தலையில் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகிவிட்டால் யார் காலும் கிழியாது. டிரெய்லரையே பட்டியின் ஒரு சுவராக வைப்பவர்கள் உண்டு. தட்டி மிச்சமாகும், பட்டியும் நகராது. ஆனால் டயருக்கு மேலுள்ள தகட்டு விளிம்பு, வண்டிக்கு அடியில் உள்ள சந்து, கதவுக் கொண்டி எல்லாமே குதிரைக் காலுக்கு வைத்த பொறி. பட்டியை முழு வளையமாக மூடிவிட்டு ஒரே ஓரிடத்தில் டிரெய்லரோடு பிணைப்பதே மேல்.

மின்வேலிக்கு வருவோம். மின்வேலி என்றதும் நம் ஊரில் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டு, யானையும் மனிதரும் செத்துப்போகும் கள்ள வேலிதான் ஞாபகம் வரும். இது வேறு. எனர்ஜைசர் என்ற சின்னப் பெட்டி, பேட்டரியின் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒன்று ஒன்றரை நொடிக்கு ஒருமுறை கண நேரத் துடிப்பாக மட்டும் அனுப்பும். சுரீர் என்று வலிக்கும், உயிர் போகாது.

இரண்டு குதிரைக்கு 40க்கு 40 அடி என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 160 அடி. பத்தடிக்கு ஒன்றாக 16 வேலிக்கால்கள். இரண்டு வரி நாடாவுக்கு 320 அடி, அதாவது 98 மீட்டர். 120 மீட்டர் எடுத்துச் செல்லுங்கள். மேல் வரி 42 முதல் 48 அங்குல உயரத்தில், கீழ் வரி 24 அங்குலத்தில். மெல்லிய கம்பி வேண்டாம், குதிரைக்கு அது தெரியாது. வெள்ளை நாடா நிலா வெளிச்சத்திலும் தெரியும். காற்றில் அது படபடத்துக் குதிரையை மிரட்டுமென்றால், இரண்டு கால்களுக்கு இடையே நாடாவை ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், அடங்கிவிடும்.

மூலைக் கால்கள்தான் முதலில் சரியும். இழுவை உள்பக்கம் என்பதால், ஒவ்வொரு மூலைக் காலையும் வெளிப்பக்கமாக ஒரு கயிற்றில் இழுத்து முளையில் கட்ட வேண்டும். பாறை நிலத்தில் பிளாஸ்டிக் காலின் கீழ் ஆணி வளையும். தடித்த இரும்பு ஆணி ஒன்றைச் சுத்தியலால் அடித்து முதலில் துளை போடுங்கள். நாடாவைச் சும்மா முடிச்சுப் போட்டு ஒட்டாதீர்கள். உள்ளே ஓடும் எஃகு இழைகள் முடிச்சில் ஒடிந்து, அதற்கு அப்புறம் உள்ள வேலி வெறும் துணியாகிவிடும். இதற்கென உலோகக் கொக்கி விற்கிறது. நாடாவை மரத்தில் நேராகச் சுற்றுவதும் தப்பு. காய்ந்திருக்கும் வரை தெரியாது, மழை பெய்ததும் மின்சாரம் மரம் வழியே இறங்கிப் போகும்.

வேலி வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. துடிப்பு குதிரை உடல் வழியாக மண்ணுக்கு இறங்கி, எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் மாத மலைமண் எலும்பாகக் காய்ந்து கிடக்கும், குளம்பும் காய்ந்திருக்கும், சுற்று முழுமையாகாது. ஈரமான, நிழலான இடத்தில் இரண்டு மூன்று அடிக் கம்பியை முழுக்க அடித்து, மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியும் போதவில்லையென்றால் மேல் வரியை மட்டும் பெட்டியின் மின்முனையிலும், கீழ் வரியை எர்த் முனையிலும் இணைக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தொடுகிற குதிரைக்கு, மண் எப்படி இருந்தாலும் அடி உறைக்கும். டெஸ்டரைப் பெட்டியிலிருந்து மிகத் தூரமான மூலையில் வையுங்கள். 3,000 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 2,000க்குக் கீழே போனால் அடர்ந்த ரோமத்துக்கு அது கொசுக்கடி.

இதெல்லாம் குதிரைக்கு அந்த நாடாவைப் பற்றித் தெரிந்திருந்தால்தான். மின்வேலி நிற்பதே குதிரையின் மனதில்தான். வீட்டில், நல்ல கெட்டி வேலிக்கு உள்ளே இந்த நாடாப் பட்டியைக் கட்டி, குதிரை தானே மூக்கை வைத்துச் சுரீர் வாங்கி, பிறகு பல இரவுகள் அதற்குள் நின்று பழகியிருக்க வேண்டும். தட்டிக்கும் இது பொருந்தும். முதல்முறை பழக்குவதற்குக் காடு உகந்த இடம் இல்லை. செப்டம்பரில் ஆண் எல்க் மான் ஊளையிடும்போது ஏற்கெனவே போதுமான புதுமைகள் இருக்கும்.

வேலியே வேண்டாம் என்கிற பழைய ஆட்களின் வழி, ஹைலைன். இரண்டு மரத்துக்கு இடையே ஏழடிக்கு மேல் ஒரு கயிறு; மரப்பட்டை அறுபடாமல் இரண்டு மூன்று அங்குல அகல வார்; குதிரைக்குக் குதிரை பத்தடி இடைவெளி. கட்டும் கயிற்றின் கொக்கி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கினால் சரியான நீளம். அதைவிட நீண்டால் கால் தாண்டி மாட்டும். கயிறு இரவில் நெகிழும் என்பதால் எட்டடியில் கட்டிவிடுவது நல்லது. நாடாப் பட்டியை நம்புகிறவர்கள்கூட ஒரு குதிரையை, கூட்டத்துக்குத் தலைமையானதை, இரவில் ஹைலைனில் கட்டி வைக்கிறார்கள். அது போகாதவரை மற்றவை வெகுதூரம் போகா. காலையில் முன்னங்கால்களுக்குத் தளை போட்டு மேய விடும்போதும் இதே கணக்குதான். கூடாரத்தை அடிக்கும் இடமும் ஒரு வேலிதான்: தப்பிய குதிரை டிரெய்லர் நிற்கும் இடத்தை நோக்கி வந்த வழியே போகும், அந்த வழியில் படுத்திருந்தால் குளம்புச் சத்தமாவது எழுப்பிவிடும்.

தீனி, தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாளுக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர், உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் புல். புல்வலையை மேல் கம்பியில் கட்டுங்கள்; தாழக் கட்டினால் காலியானதும் அது தொங்கி, லாடம் அதில் மாட்டும். வாளிக் கொக்கியின் திறப்பு குதிரைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும், கண்ணிமை கிழிந்த குதிரைகள் உண்டு. மணல் தரையில் புல்லைக் கொட்டினால் மணலும் வயிற்றுக்குள் போய் வலி காணும். மேற்கின் தேசியக் காடுகள் பலவற்றில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லைத்தான் கொண்டுபோக முடியும். கரடி நடமாடும் பகுதிகளில் குதிரையின் தானியமும் மனிதர் உணவைப் போலவே கரடி திறக்க முடியாத பெட்டியில் போக வேண்டும்.

கிளம்பும் நாளில் பட்டியைக் கழற்ற முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். குதிரைகளை முதலில் வெளியே கட்டிவிட்டுத்தான் எனர்ஜைசரை நிறுத்த வேண்டும். சில குதிரைகள், துடிப்புக்கு ஒருமுறை பெட்டி எழுப்பும் 'டிக்' சத்தம் நின்றதைக் கவனித்துவிடும். நாடாவைச் சுருளில் சுற்றுங்கள், கையில் சுற்றினால் அடுத்த முறை சிக்கெடுக்கவே மாலை போய்விடும். லத்தியை உதறிப் பரப்புங்கள், குளம்பு தோண்டிய குழிகளை மூடுங்கள், சிந்திய புல்லை அள்ளுங்கள். கால்கள் 16, ஊசிகள், முளைகள் எல்லாவற்றையும் எண்ணிப் போடுங்கள். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது பெரும்பாலும் குதிரை நின்று தோண்டிய குழிக்குள்தான் கிடக்கும்.