பாலாய் ராயாவில் ஓர் எழுத்து மாதம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் தமிழ் நிகழ்ச்சி ஒன்றுக்குக் கூட்டம் சேர்ப்பது பெரிய காரியமன்று. ஒலிபெருக்கி கட்டி, பள்ளிப் பிள்ளைகளை ஆடவிட்டு, கடைசியில் பசியாற மீகூன் கோரெங்கும் தேநீரும் உண்டு என்று அழைப்பிதழின் ஓரத்தில் போட்டுவிட்டால் பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொதுமண்டபத்தில் நாற்காலி போதாது. ஆகையால், நான் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக வேலை செய்யும் மண்டபத்தில், தேசிய வாசிப்பு மாதமாகிய ஜூலை முழுவதும் இலக்கியச் சந்திப்புகளும் எழுத்துப் பட்டறைகளும் நடத்துவதென்று செயற்குழு முடிவெடுத்தபோது, எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்வி என்னை உறுத்தவில்லை. வருகிறவர்கள் கேட்டுவிட்டுப் போவார்களா, எழுதிவிட்டுப் போவார்களா என்பதே என் கவலையாக இருந்தது.

இந்த ஊரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுக்குக் குறைவில்லை. ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான் 1948 ஜூன் 16ஆம் நாள் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து, காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்பனையான காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த 1948 ஜூனில், மறுநாள் விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்களும் போக அஞ்சித் தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயத்திலேயே இருந்துவிட்டவர்களும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர்களில் ஒருவர் தம் கைப்பட எழுதிவைத்ததாக நான் பார்த்ததில்லை. இந்தக் குறையை ஒரு மாதத்தில் தீர்த்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை என்றாலும், பட்டறைகளை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மட்டும் தெளிவாகவே இருந்தது.

தொடக்க விழாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். அதன்பின் குத்துவிளக்கு, தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், படம் பிடித்தல் என்று வரிசை நீண்டு, சிறுகதையைப் பற்றிப் பேசுவதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து பேருந்தேறி வந்திருந்த எழுத்தாளருக்குக் கால் மணி நேரமே எஞ்சியது. அவர் பேச எழுந்தபோது பின்வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைமாறத் தொடங்கிவிட்டது. மேடை மரியாதையை நான் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். சம்பளப் பட்டியலில் மட்டுமே தன் பெயரைக் கண்டு வாழ்ந்த தலைமுறைக்கு, அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் ஒலிப்பது எவ்வளவு பெரிது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயினும் இலக்கியத்துக்கென்று ஒதுக்கிய பொழுதை அது விழுங்கிவிடுகிறது. மறுநாளே பட்டறைகள் அனைத்தையும் சமையற்கட்டை ஒட்டிய பின்னறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே நீண்ட மேசை ஒன்று உண்டு, இருபக்கமும் பெஞ்சு உண்டு. ஒலிபெருக்கி வைக்க இடமில்லை என்பதுதான் அந்த அறையின் பெரிய நன்மை.

பின்னறைக்கு வந்தவர்கள் மூன்று வகையினர். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்று, தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் பிள்ளைகளோடு வாழும் அம்மாமார்களும் பெரியவர்களும் ஒரு வகை. இவர்களில் பலர் தோட்டப் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்ததில்லை. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதவிருக்கும் மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் இன்னொரு வகை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் மூன்றாம் வகை. இவர்கள் ஒரு காலத்தில் ‘தமிழ் நேசன்’ ஞாயிறு பதிப்புக்குக் கதையும் கவிதையும் அனுப்பியவர்கள். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுபோன பிறகு, எழுதும் பழக்கமே விட்டுப்போயிற்று என்று அவர்களில் ஒருவர் சொன்னார். வேறு நாளிதழ்கள் இருக்கின்றனவே என்று கேட்டேன். “இருக்கு டீச்சர். ஆனா அனுப்பற கை அந்த விலாசத்துக்குத்தான் பழகியிருக்கு” என்றார். நான் ஆசிரியை அல்லள் என்று முதல் நாள் முதல் சொல்லிப் பார்த்தேன். மாதம் முடியும்வரை எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

எழுதச் சொன்னதும் தடங்கலில்லாமல் எழுதியவர்கள் மாணவர்கள். அதுவே சிக்கலாகவும் இருந்தது. தொடக்கப்பள்ளி இறுதியில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது; ஆனால் அது பழக்கிவிட்ட வார்ப்பு இன்னும் கையை விட்டுப் போகவில்லை. “தோட்டத்தில் என் பாட்டி” என்று தலைப்புக் கொடுத்தால், பழமொழியோடு முன்னுரை, பத்திக்கொரு கருத்து, நடுவில் மொழியணிப் பாடத்தில் மனனம் செய்த உவமைத்தொடர் ஒன்று, ‘ஆகவே’ என்று தொடங்கும் முடிவுரை என அளவெடுத்துத் தைத்த சட்டையாகக் கட்டுரை வந்து விழுகிறது. பத்துப் பிள்ளைகளின் தாள்களில் ஒரே பாட்டி. அவர் இரத்தத்தை வியர்வையாகச் சிந்துகிறார், மெழுகுவத்தியாய் உருகுகிறார், நாட்டின் பொருளாதாரத்தை உயர்த்துகிறார். எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக்காத்த சமூகம் இது. அந்தப் பள்ளிகளின் ஆயுள் தேர்வு முடிவுகளில்தான் இருக்கிறது என்று அஞ்சிய ஆசிரியர்கள், மதிப்பெண் தரும் வடிவத்தையே திரும்பத் திரும்பப் பழக்கினார்கள்.

ஆகவே விரிவுரையை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். எழுதுகிறவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் மட்டுமே எழுத வேண்டும்.

ஐந்தாம் படிவத்து மாணவன் ஒருவன், எழுபதைக் கடந்த ஓர் அம்மாவிடம், “எப்படிப் பாட்டி பால் வெட்டுவீங்க?” என்று கேட்டான். அவருக்குக் கேள்வியே வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். வாயால் சொன்னால் விளங்காது என்று எழுந்து, மேசைக் காலை மரமாக்கி, அவனுடைய அடிக்கோலைப் பால்வெட்டுக் கத்தியாகப் பிடித்துக் குனிந்து நின்றார். “மொதல்ல முந்தின வெட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கிற கோட்டுப்பாலை இழுத்து எடுக்கணும். எறிஞ்சிடாத, அதுக்கும் காசு. அப்புறம் இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ வரைக்கும் கையெடுக்காம சீவிட்டு வரணும். ஆழமா போச்சுன்னா கட்டையில காயம் பட்டுடும், அந்த எடத்துல பட்டை கரடு தட்டிப் போயிடும். தடிப்பா சீவினா பட்டை சீக்கிரம் தீந்துடும். ரெண்டுக்கும் கங்காணிகிட்ட ஏச்சுதான்.” எவ்வளவு மெல்லியதாகச் சீவ வேண்டும் என்று அவன் கேட்டான். அவர் அவனுடைய நோட்டின் அட்டையைக் கிழித்து (அனுமதியெல்லாம் கேட்கவில்லை), இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்து, விரல்களுக்கு நடுவில் அழுத்திக் காட்டி, “இம்புட்டுத்தான்” என்றார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் இருட்டிலேயே வெட்டத் தொடங்க வேண்டும் என்பதும், மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்தோடி, பால் சேரும் மங்குக்குப் போகாது என்பதால் அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்பதும் அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. மூன்றரைக்கு எழுந்து, சோறாக்கிப் போசி என்னும் தூக்குப் பாத்திரத்தில் கட்டி, தூங்கும் பிள்ளையைத் தூக்கிப்போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய கதையை அவர் சொன்னபோது, அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, பிள்ளை அழாதா என்று கேட்டான். “அழும். நான் நின்னா இன்னும் அழும்” என்றார்.

அன்று அவன் எழுதிய தாளின் முதல் வரி, “தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் ஒரு மரத்தைத் தாண்டிப் போகாது” என்பது. பழமொழியும் இல்லை, ‘ஆகவே’வும் இல்லை. எழுதியதை அவன் உரக்கப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா இரண்டு இடங்களில் நிறுத்தித் திருத்தினார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேறு காரணத்துக்காகத் திருத்த வந்தார். பெரட்டு, மங்கு, போசி போன்றவற்றுக்கெல்லாம் நல்ல தமிழ் போட வேண்டும் என்பது அவர் கட்சி. எடுத்துரைப்பு எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேச்சும் தோட்டத்துப் பொருள்களின் பெயரும் இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி அவரைச் சம்மதிக்கவைக்க ஒரு மாலை முழுவதும் பிடித்தது. அவர் முழுமனத்தோடு சம்மதித்தார் என்றும் சொல்ல முடியாது.

அடுத்த வாரம் பழைய காலத்தைப் பேசுவதற்கென்று ஒதுக்கியிருந்தோம். எண்பதைத் தாண்டிய ஓர் அம்மா, அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்ததையும், காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாதென்று வேலிக் கதவில் காவலர்கள் தம் தாயைச் சோதனையிட்டதையும் சிறுமியாக நின்று பார்த்தபடியே சொன்னார். இன்னொரு பெரியவரின் தகப்பனார் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அனுப்பப்பட்டு, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நோயிலும் பட்டினியிலும் மாண்டார்கள் என்பது வரலாறு. பெரியவரிடம் இருந்ததோ மிகக் கொஞ்சம்: லாரி வந்தது, அப்பா ஏறினார், திரும்பவில்லை. அதுவும் அம்மா சொல்லிக் கேட்டது. அவருக்கு எழுதிக்கொடுத்த இளம்பெண், இடைவெளிகளைத் தானே நிரப்பி, தகப்பனார் லாரியிலிருந்து கையசைத்ததாகவும் தாய் பின்னால் ஓடியதாகவும் அழகாகவே எழுதிக்கொண்டு வந்தாள். பெரியவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை.

இந்த இடத்தில் நான் கறாராக இருந்தேன். நினைவுக் குறிப்பு என்று பெயரிட்டால் மூன்று வரிதான் இருக்கிறதென்றால் மூன்று வரியோடு நிற்க வேண்டும். கையசைப்பும் ஓட்டமும் வேண்டுமென்றால் அதற்குச் சிறுகதை என்று பெயரிட வேண்டும், பெரியவரின் பெயரை எடுத்துவிட வேண்டும். அவள் இரண்டையும் எழுதினாள். கதை பத்துப் பக்கம் வந்தது. குறிப்பு அரைப் பக்கம்கூட வரவில்லை. எனக்கு அந்த அரைப் பக்கமே கனமாகப் பட்டது. ஆனால் கதைதான் பலருக்கும் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கவிதை வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெண்பா கற்க வந்தவர்களும் புதுக்கவிதை வாசிக்க வந்தவர்களும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டார்கள். கைப்பேசியில் தமிழ் தட்டச்சுப் பழக்கிய மாலை அதைவிடப் பயனுள்ளதாக அமைந்தது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980களில் உருவாக்கிய முரசு மென்பொருளும், பின்னர் கைப்பேசிக்கு வந்த செல்லினமும் நம் நாட்டுக்காரர் செய்தவை என்று தெரிந்ததும் இளைஞர்களுக்கு ஒரு நிமிர்வு வந்தது. பெரியவர்கள் சிலர் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதியை முயன்று பார்த்தார்கள். மலாய்ச் சொல்லும் தோட்டத்துப் பேச்சும் கலந்து வந்ததைக் கைப்பேசி தன் போக்கில் எழுதிய விதத்தைப் படித்து அறையே சிரித்தது. அதன்பின் பேரப்பிள்ளைகளே மேல் என்று முடிவாயிற்று.

நிறைவு நாளில் பொன்னாடை இல்லை என்பதைச் செயற்குழு தயக்கத்தோடு ஏற்றுக்கொண்டது. எழுதியவர் படிக்க, சொன்னவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு தாளிலும் சொன்னவர் பெயர் முதலில், எழுதியவர் பெயர் அடுத்து. நடனம் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். இருந்தவர்கள் கடைசிவரை இருந்தார்கள். மேசைக் காலில் பால் வெட்டிக் காட்டிய அம்மா, மாணவன் படிக்கும்போது நடுவில் குறுக்கிட்டு ஒரு விவரம் சேர்த்தார். அவனும் பேனாவை எடுத்து மேடையிலேயே எழுதிக்கொண்டான்.

மாதம் முடிந்ததும் நிதியுதவி கொடுத்த தரப்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. படிவத்தில் வருகையாளர் எண்ணிக்கைக்குக் கட்டம் இருந்தது, பிரமுகர் பெயருக்கு இருந்தது, படங்களுக்கு இருந்தது. எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கட்டமில்லை என்பதால் அவற்றைப் பிரதியெடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. தொகுப்பாக அச்சிடுவதற்குச் செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறோம். பின்னறை மேசை இப்போது புதன்கிழமை மாலைகளில் எழுதுகிறவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரப்பரைப் பற்றியே பேசுகிறோம், எண்ணெய்ப் பனையாகிய செம்பனையில் வேலை செய்தவர்களை யார் கேட்பது என்று ஒருவர் நியாயமாகவே சண்டைக்கு வந்தார். வரும் புதன் அவர் முறை. நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக் குலை இறக்கும் வேலையைப் பற்றி அவர் பேசப் போகிறார், உதிரிப்பழம் பொறுக்கிய தம் மனைவியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.