கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எந்த நெட் போடலாம்?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் யார் கேட்டாலும், "எந்த கம்பெனி நெட்டுங்க நல்லது?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் கிடையாது. ஒழலப்பதியில் பிரமாதமாக ஓடுகிற நெட் வண்ணாமடையில் படுத்துவிடும். அதே கம்பெனி, அதே பிளான், அதே 18 சதவீத ஜிஎஸ்டி. அதனால் இந்தப் பதிவில் "இதை வாங்குங்கள்" என்று பெயர் சொல்லப் போவதில்லை. உங்கள் வீட்டுக்கு எது சரிப்படும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்தே வரிக் கணக்கு பார்க்கிறவள். கொப்பரை, கயிறு, தேங்காய் எண்ணெய் வியாபாரிகள்தான் என் பார்ட்டிகள். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு, 20-ஆம் தேதி 3பி என்ற வரி கட்டும் கணக்கு. இது போக, காங்கேயத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொப்பரை லோடு கிளம்பினால் சரக்கோடு போகிற இ-வே பில்லை ஆன்லைனில் போட்டாக வேண்டும். லாரி களத்தில் ஸ்டார்ட் செய்து நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார், இங்கே வெப்சைட் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கு 300 எம்பி வேகம் எதற்கு? 20 எம்பி தாராளம். ஆனால் அறுந்து போகாமல் வர வேண்டும். உங்கள் வீட்டில் நாலு பேர் நாலு அறையில் படம் பார்க்கிறார்கள் என்றால் கணக்கு வேறு. அப்போதும் 100 எம்பிக்கு மேல் தேவைப்படுகிற வீட்டை நான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அரசாங்கக் கணக்கில் "பிராட்பேண்ட்" என்று பெயர் வைக்க 2023 முதல் 2 எம்பி இருந்தாலே போதும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அரை எம்பிதான். நோட்டீஸில் 'அதிவேக பிராட்பேண்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

இங்கே என்னென்ன கிடைக்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்என்எல் ஃபைபர் உண்டு. அதையும் பல இடங்களில் உள்ளூர் கேபிள்காரர்தான் ஒப்பந்தத்தில் இழுத்துப் பராமரிக்கிறார். கேபிள் டிவிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கேரளா விஷன், அப்புறம் ஏசியாநெட். கேரள அரசின் கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியது. கேரள மின்வாரியமான கேஎஸ்இபியின் கம்பங்கள் மேலேயே ஓடுகிற வலை. அதிலும் வீடு வரைக்கும் இழுத்துத் தருவது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள்தான். ஜியோவும் ஏர்டெல்லும் டவுன் பக்கம் கம்பி, டவர் எட்டுகிற இடத்தில் காற்றுவழி, அதாவது வயர் இல்லாமல் டவர் சிக்னலில் வரும் நெட். இதில் எது உங்கள் தெருவுக்கு வருகிறது என்று கம்பெனி வெப்சைட்டில் பின்கோடு போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பின்கோடு முழுக்க 'உண்டு' என்று காட்டும், உங்கள் தோட்டத்துக்குப் போகிற வழியில் கம்பமே இருக்காது.

எல்லைக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. கோபாலபுரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே என் சித்தி வீட்டில் ஒரு கோயம்புத்தூர் கம்பெனியின் நெட், ஜம்மென்று ஓடுகிறது. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் அவர்கள் பெட்டி தொங்கும் கம்பம் தெரிகிற தூரத்தில் எத்தனையோ கேரள வீடுகள் இருக்கின்றன. "ஒரு வயரு இழுத்துக் குடுங்க தம்பி" என்று இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நடக்காது. இன்டர்நெட் கம்பெனிகளுக்கு மூன்று வகை லைசென்ஸ்: 'ஏ' என்றால் இந்தியா முழுக்க, 'பி' என்றால் ஒரு டெலிகாம் வட்டம் (ஏறக்குறைய ஒரு மாநிலம்), 'சி' என்றால் அதைவிடச் சின்ன எல்லை. தமிழ்நாட்டு வட்டத்துக்கு 'பி' வாங்கினவர் கேரள வட்டத்துக்குள் இணைப்புக் கொடுக்க முடியாது. யாராவது ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பில் வராது, புகார் கொடுக்க வழி இருக்காது, ரோடு வேலைக்கு வந்தவர் அறுத்துப் போட்டால் கேட்க ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெட் அறுந்து போவது கொச்சியிலோ சென்னையிலோ இருக்கிற கம்பெனி ஆபீஸில் இல்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். எங்கள் ஊருக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வருவது ஒரு வகை. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறட்டுக் காற்றாக வருவது இன்னொரு வகை. இரண்டிலும் தென்னை மட்டை விழும். மட்டை விழுந்து கேபிள் தொங்கும், தொங்குகிற கேபிளை வைக்கோல் லாரி இழுத்துக்கொண்டு போகும். குடிநீர்க் குழாய்க்கு ரோட்டோரம் தோண்டினார்களே, அப்போது மண்ணுக்குள் போட்ட கேபிளையும் ஜேசிபி விட்டுவைக்கவில்லை. எந்த கம்பெனியாக இருந்தாலும் இது நடக்கும். நடந்த பிறகு யார் வருகிறார், எத்தனை மணிக்கு வருகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே இணைப்பு வாங்குவதற்கு முன்னால் ஒரு நடை நடந்து பாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து அந்த கம்பெனியின் பெட்டி இருக்கும் கம்பம் எங்கே? நடுவில் எத்தனை தோப்பு? வயர் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டியிருக்கிறதா, அல்லது பாதி வழியில் முருங்கை மரத்தில் சுற்றி விட்டிருக்கிறார்களா? வழியில் இருக்கிற வீட்டுக்காரரிடம் "நெட் நல்லா வருதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் "பரவாயில்லைங்க" என்றுதான் சொல்வார்கள். "போன ஆடியில அறுந்தப்ப யார் வந்தாங்க?" என்று கேளுங்கள். பதிலில் ஓர் ஆளின் பெயர் வந்தால் அந்த இணைப்பை நம்பலாம். "போன் பண்ணுனோம், நம்பர் குடுத்தாங்க" என்று வந்தால் யோசியுங்கள்.

நான் முன்பு வைத்திருந்த இணைப்பு இரண்டாவது வகை. பெயர் வேண்டாம். அவர்கள் ஆபீஸுக்குப் போன் செய்தால் "நாளெ சரியாக்காம்", நாளைக்குச் சரி செய்கிறோம், என்பார்கள். மலையாளம் எனக்கு ஒன்றும் சிரமமில்லை. அந்த 'நாளெ' எப்போது வரும் என்பதுதான் தெரியாது. ஒருமுறை வந்த ஆட்கள் அறுந்த இடத்தில் ரெடிமேட் கனெக்டர் ஒன்றை அழுத்தி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு, விளக்கு பச்சையானதும் கிளம்பிவிட்டார்கள். முதல் மழையில் தண்ணீர் இறங்கியது. பெட்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது.

இப்போது வருகிற பையன் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. திண்ணையில் ஒரு துண்டை விரித்து ஃபைபரை ஒட்டும் மெஷினை வைத்தான். ஃபைபர் என்பது கண்ணாடி இழைதான். மேல் பூச்சை உரித்தால் 125 மைக்ரான், தலைமுடி கனம்கூட சில சமயம் அதற்குச் சமமாக வரும். உரித்து, ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்து, கட்டரில் வைத்து 'டிக்' என்று நறுக்கினான். மெஷின் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாக, எதிரும் புதிருமாகத் தெரிந்தன. ஒரு பொறி, அவ்வளவுதான், ஒன்றாகிவிட்டன. ஒட்டின இடத்தில் வெளிச்ச இழப்பு 0.02 டெசிபல் என்று காட்டியது. ஒட்டின இடத்தில் குட்டி ஸ்லீவை மாட்டிச் சூட்டில் வைத்தான். அப்புறம் நறுக்கி விழுந்த துணுக்குகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து டேப்பில் ஒட்டிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். "வெறுங்காலோட நடப்பீங்கக்கா, ஏறுனா வெளியவே வராது" என்றான். இப்படிப்பட்ட ஆள் எந்த கம்பெனியில் இருக்கிறாரோ அந்த கம்பெனி போதும் எனக்கு.

வந்தவரிடம், இழையில் வரும் வெளிச்சத்தை அளக்கிற பவர் மீட்டரில் எத்தனை காட்டுகிறது என்று கேட்டு வாங்குங்கள். மைனஸில் ஓர் எண் சொல்வார்கள். மைனஸ் 20 பக்கம் என்றால் நிம்மதி. 25-ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடும், ஆடி மாதத்தில் ஓடுமா என்பது சந்தேகம். 27, 28-க்கு மேல் போனால் பெட்டிக்கு வெளிச்சம் பத்தாது. ஓர் இழையை இரண்டாகப் பிரித்தால் வெளிச்சம் பாதியாகும், அந்த எண்ணில் மூன்றுக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும். கம்பத்துக்குக் கம்பம் பிரித்துப் பிரித்துத் தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? வரிசையில் கடைசி வீடு உங்களுடையது என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். கனெக்டரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை பச்சையோடுதான் சேர வேண்டும். நீலத்தைப் பச்சையில் செருகினாலும் மாட்டிக்கொள்ளும், ஆனால் வெளிச்சம் வீணாகும்.

அடுத்தது கரண்ட். வீட்டில் கரண்ட் போனால் ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், கையகலப் பெட்டிதான். ஆனால் நம் வீட்டில் பெட்டி எரிந்து என்ன பயன், ஆபரேட்டர் பக்கம் செத்துப்போனால்? "உங்க மெயின் மெஷினுக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்?" என்று நேராகவே கேளுங்கள். நல்ல ஆபரேட்டர் மணிக்கணக்கோடு சொல்வார். நடுவழியில் இழையைப் பிரித்துக் கொடுக்கிற ஃபைபர் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். ஆனால் இன்னும் சில தெருக்களில் பழைய மாதிரி யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் ஸ்விட்ச் பெட்டி வைத்து, அங்கிருந்து நீல லேன் கேபிளை இழுத்து விட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்தால் தெருவே இருட்டு. போதாததற்கு அது செம்பு. ஐப்பசி இடிக்கு ரவுட்டரோடு கம்ப்யூட்டர் போர்டும் போகும். வீட்டுக்குள் வருவது கண்ணாடியா செம்பா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேகத்தைச் சோதிப்பது ராத்திரி எட்டுக்கும் பத்துக்கும் நடுவில், வயர் போட்டு. காலை பதினொரு மணிக்கு ஆள் வந்து போனில் காட்டுகிற ஸ்பீட் டெஸ்ட் கணக்கில் சேராது. ஓர் இழையில் வருகிற இரண்டரை ஜிபியை 64 வீடுகள் வரைக்கும் பங்கு போடலாம். எல்லாரும் உட்காரும் நேரத்தில்தான் பங்கு தெரியும். அப்லோடையும் பாருங்கள். வைஃபை பின்னறைக்கு எட்டவில்லை என்றால் அது பழைய வீட்டுச் சுவரின் கனம், கம்பெனியைத் திட்ட வேண்டாம்.

பணம் கட்டுவதில் என் கொள்கை, முதலில் மாதாமாதம். "ஆறு மாசம் கட்டுனா இன்ஸ்டலேஷன் ஃப்ரீக்கா" என்பார்கள். ஓர் ஆடிக் காற்றைத் தாண்டிய பிறகு ஆறு மாதம் கட்டலாம். அறுந்தால் ஆளுக்குப் போன் செய்தாலும், கஸ்டமர் கேரிலும் ஒரு புகார் போட்டு அதன் டாக்கெட் எண்ணை, அதாவது புகார் எண்ணை, குறித்து வையுங்கள். மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒவ்வொரு கம்பெனியிலும் ஒருவர் இருக்கிறார். அந்த எண் இல்லாமல் அவரிடம் போக முடியாது.

காற்றுவழி நெட்டைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். தோட்டத்து நடுவில் கம்பமே இல்லாத வீட்டுக்கு அது வரம்தான், மட்டை விழுந்து அறுக்க அங்கே வயரே இல்லை. ஆனால் சாயங்காலம் டவரில் கூட்டம் சேர்ந்தால் வேகம் இறங்கும். எனக்கு அது இரண்டாவது வழி மட்டும். 20-ஆம் தேதி கம்பி அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடிக்கிறேன். எங்கள் வீட்டில் போன் கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்தால் தமிழ்நாட்டு டவர், மேற்கே வைத்தால் கேரள டவர். எந்தப் பக்கம் வேகமோ அந்தப் பக்கம்.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒன்று. பொள்ளாச்சியில் கடை, தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவு, குடியிருப்பது வேலந்தாவளத்தில் என்று இருப்பவர்கள் வீட்டு நெட் பில்லைக் கடைக் கணக்கில் போட்டு, அதில் கட்டிய ஜிஎஸ்டியைக் கடை கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா, அதாவது கிரெடிட் எடுக்கலாமா என்கிறார்கள். கம்பி எந்த மாநிலத்தில் பொருத்தப்பட்டிருக்கிறதோ அங்கேதான் சேவை நடந்ததாகச் சட்டம் சொல்கிறது. கேரள வீட்டுக்கு வந்த பில்லில் மத்திய வரியோடு கேரள வரிதான் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவில் அதை எடுக்க முடியாது. கடைக்கு வேண்டுமென்றால் பொள்ளாச்சிக் கடை முகவரியில், ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துத் தனி இணைப்பு போடுங்கள். முதல் பில் வந்ததும் அந்த எண் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.